சமைக்கிற கைகளுக்கு என்ன வாங்கலாம்?

தீபாவளி நெருங்கிவிட்டால் கிள்ளான் துங்கு கிளானா சாலையிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் துணிக்கடைகளில்தான் கூட்டம் அலைமோதும். வீட்டில் எல்லாருக்கும் துணி எடுத்தாகிவிடும். ஆனால், விடிய விடியப் பலகாரம் சுடும் அம்மாவுக்கும், பிரியாணி என்றால் யாரையும் அடுப்புப் பக்கமே விடாத மாமாவுக்கும், வேலை கிடைத்து வாடகை வீட்டுக்குக் குடிபோன தம்பிக்கும் துணியைத் தவிர வேறென்ன கொடுக்கலாம்? ஒவ்வொரு வருடமும் என் தோழிகள் என்னிடம் கேட்கும் கேள்வி இது. பாத்திரக் கடையைக் கண்டால் உள்ளே நுழையாமல் போக முடியாதவள் நான். அந்தத் தகுதியில் சில யோசனைகளைச் சொல்கிறேன்.

கடைக்குப் போகும் முன் ஒன்றை யோசித்துக்கொள்ளுங்கள். அவர் ஆசையாகச் சமைக்கிறவரா, வேறு வழியில்லாமல் சமைக்கிறவரா? எங்கள் பெரியம்மாவுக்குப் பிள்ளைகள் எல்லாரும் காசு சேர்த்து, வெட்ட, துருவ, பிசைய என்று பத்து வேலை செய்யும் பெரிய இயந்திரம் ஒன்றை வாங்கிக் கொடுத்தார்கள். பெட்டியைப் பிரித்துப் பார்த்த பெரியம்மா, "ஏம்மா, இதைக் கழுவுறதுக்கும் ஒரு ஆளைச் சேர்த்து வாங்கியிருக்கலாமே?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தோம். ஆனால் அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. சாப்பிடுகிற நமக்கு எது வேண்டும் என்று பார்த்து வாங்கினால், அது சமைப்பவருக்கு இன்னொரு வேலையாகத்தான் போய்ச் சேரும்.

பழக்கிய தோசைக்கல்

ஆசையாகச் சமைக்கிறவருக்கு நல்ல கனமான இரும்புத் தோசைக்கல்லைப் போல ஒரு பொருள் இல்லை. ஒழுங்காக வைத்துக்கொண்டால் பேரப்பிள்ளைகள் காலம்வரை வரும். புதுக்கல்லில் முதல் தோசை பிய்ந்துதான் வரும். அதனால் நீங்களே பழக்கிக் கொடுங்கள். கழுவி, ஈரம் போகத் துடைத்து, துணியால் மெல்லியதாக எண்ணெய் தடவி, புகை வரும்வரை சூடாக்கி ஆறவிடுங்கள். மூன்று நான்கு முறை இப்படிச் செய்தால், சூட்டில் எண்ணெய் இறுகி இரும்போடு ஒட்டிய கருப்புப் படலமாகிவிடும். மாவு ஒட்டாமல் காப்பது அந்தப் படலம்தான்.

அவர் வீட்டு அடுப்பு எது என்றும் விசாரித்துக்கொள்ளுங்கள். காந்தம் ஒட்டும் பாத்திரம்தான் இண்டக்‌ஷன் அடுப்பில் சூடாகும். இரும்பு சரிவரும். வெறும் பித்தளையும் அலுமினியமும் மண்சட்டியும் அதில் சும்மா உட்கார்ந்திருக்கும்.

இடிகல்

மலாய்க்காரர்கள் பத்து லெசோங் என்று சொல்லும் கருங்கல் இடிகல் நம் சமையலுக்கும் பொருந்தும். ரசத்துக்கு மிளகு சீரகம் தட்டவும், டீக்கு இஞ்சி நசுக்கவும், சம்பல் பெலாச்சான் இடிக்கவும் ஒரே கல் போதும். சின்னதாக வாங்காதீர்கள். கனம் குறைந்த கல் இடிக்கும்போது நகரும், உள்ளே இருப்பது வெளியே தெறிக்கும். புதுக்கல்லில் ஒரு கைப்பிடி பச்சரிசியைப் போட்டு அரைத்துக் கொட்டுங்கள். மாவு கல்துகள் இல்லாமல் வெள்ளையாக வரும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்த பிறகே கொடுங்கள்.

குறைந்த செலவில் மசாலாப் பெட்டி

கையில் அதிகப் பணம் இல்லாத இளையவர்களுக்கு இது ஏற்றது. நான்கைந்து சின்னக் கண்ணாடிப் புட்டிகளை வாங்கி, முழு மசாலாவை நிரப்பிக் கொடுங்கள். பொடித்த மசாலாவைவிட முழு மசாலாவில் வாசனை நெடுநாள் நிற்கும். மிளகுக்கு வெளிநாடு போக வேண்டாம். நம் சரவாக் மிளகு இருக்கிறது. பட்டை வாங்கும்போது கவனியுங்கள். தடித்து, கெட்டியாக, ஒரே சுருளாக இருப்பது காசியா. காகிதம் போல மெல்லிய பல அடுக்குகள் சேர்ந்து சுருட்டுப் போல இருப்பது இலங்கைப் பட்டை. பிரியாணிக்கு முதல் வகையின் காரமான மணம் நிற்கும், பாயசத்துக்கும் கேக்குக்கும் இரண்டாவதன் மென்மையான மணம் பொருந்தும். இரண்டையும் தனித்தனிப் புட்டியில் வைத்துப் பெயரும் வாங்கிய தேதியும் எழுதி ஒட்டினால், சமையல் தெரிந்தவர் உங்களை மறக்கமாட்டார்.

தராசும் ஒரு நோட்டுப் புத்தகமும்

என்னைக் கேட்டால், எல்லாவற்றிலும் மேலான அன்பளிப்பு இதுதான். எங்கள் பாட்டி சுட்ட அதிரசத்தின் அளவு இன்று குடும்பத்தில் யாரிடமும் இல்லை. பாட்டி பால் டின்னில் அரிசி அளப்பார். வெல்லத்தைக் கண்ணால் அளப்பார். அம்மாவுக்கே அது முழுதாகக் கைவரவில்லை. பாட்டி போனதோடு அந்த ருசியும் போய்விட்டது.

ஆகவே அம்மாவின் பலகாரங்களை எழுதி வைப்பது என்று முடிவு செய்தேன். "எவ்வளவு மாவும்மா?" என்று கேட்டால், "கொஞ்சம் போடு, கைக்கே தெரியும்" என்பார். அதற்கு மின்னியல் தராசு உதவியது. மாவு டப்பா, நெய் டின், சீனிப் புட்டி எல்லாவற்றையும் அம்மா தொடங்கும் முன் நிறுத்துக் குறித்துக்கொள்வேன். அவர் வழக்கம்போலக் கையால் அள்ளிப் போடட்டும். முடிந்ததும் மறுபடி நிறுப்பேன். குறைந்த எடைதான் அவர் சொல்லும் 'கொஞ்சம்'. அம்மாவின் வேலையும் தடைபடுவதில்லை. நெய் உருண்டையும் ஓமப்பொடியும் இப்படித்தான் நோட்டில் ஏறின.

பாகுப் பதம் மட்டும் தராசுக்குள் அடங்காது. தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, விரலால் உருட்டிப் பார்த்து, "இதுதான்" என்று அம்மா சொல்லும் நொடியைக் கைப்பேசியில் காணொளியாக எடுத்து வைத்திருக்கிறேன். நோட்டின் நகலை அக்காவுக்கும் தம்பிக்கும் கொடுத்தோம்.

அச்சில் வந்த புத்தகம் கொடுக்க நினைத்தால் எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' இருக்கிறது. 1951ல் முதல் பாகம் வந்தது. திருமணமாகி வெளியூரும் வெளிநாடும் போன பெண்களின் பெட்டியில் பல காலமாக இடம்பிடித்த நூல். முழுக்கச் சைவச் சமையல் என்பதால் நம் நண்டுப் பிரட்டலை அதில் தேடாதீர்கள். அதற்கு உங்கள் வீட்டு நோட்டுதான்.

வாங்கும் முன் கவனிக்க

கிரைண்டர், மிக்சி போன்றவற்றில் சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இந்தியாவிலிருந்து வரும் சாமான்களின் பிளக் நம் மூன்று துளைக்குப் பொருந்தாது. பழுதானால் இங்கே யார் பார்ப்பார்கள் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். ரசத்துக்கு ஈயச்சொம்பு வாங்கினால் சுத்தமான வெள்ளீயம்தான் என்று உறுதி சொல்லும் நம்பிக்கையான கடையில் வாங்குங்கள். காரீயம் கலந்தால் உடலுக்குக் கேடு. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும் என்பதால், வெறும் சொம்பை அடுப்பில் வைக்கக் கூடாது என்பதையும் சொல்லிக் கொடுங்கள்.

சீன நண்பர்களுக்குக் கத்தி கொடுப்பதாக இருந்தால் யோசியுங்கள். உறவை வெட்டும் என்று நினைப்பவர்கள் அவர்களில் உண்டு. பதிலுக்கு ஒரு காசு வாங்கிக்கொண்டால் விலைக்கு விற்ற கணக்காகிவிடும், தோஷமில்லை என்பார்கள்.

வேறு வழியில்லாமல் சமைக்கிறவருக்கு

இவர்களுக்குப் பாத்திரமே வேண்டாம். திறந்த இல்ல உபசரிப்பு என்று நாம் ஐம்பது பேரை அழைத்துவிடுகிறோம். வந்தவர்கள் சாப்பிட்டுப் பாராட்டும்போது அம்மா பின்கட்டில் பெரிய சட்டியைத் தேய்த்துக்கொண்டிருப்பார். இந்த வருடம் அந்தச் சட்டியை நீங்கள் தேய்க்கலாம். முறுக்குப் பிழிந்து மணிக்கட்டு வலிக்கும் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அச்சை வாங்கி நீங்கள் பிழியலாம். தீபாவளிக்கு மறுநாள் மூன்று வேளையும் வெளியில் வாங்கி வந்து, அடுப்பைப் பற்ற வைக்காமல் விடலாம்.

அன்று சாயங்காலம் அவர் புதுப்புடவையைக் கட்டிக்கொண்டு, கால் நீட்டி உட்கார்ந்து, யாரோ போட்டுக் கொடுத்த டீயைக் குடிக்கட்டும். அந்த டீயை நீங்களே போட்டுக் கொடுங்கள்.