கண் டாக்டர்: அன்றும் இன்றும்

ஆந்திரமும் கர்நாடகமும் தமிழ்நாடும் கூடும் முனையில், ஜோலார்பேட்டை–பெங்களூரு ரயில் பாதையில், குப்பத்தை அடுத்து இருக்கிறது குடுபல்லி. அன்று இந்தப் பக்கத்தில் பார்வை மங்கியவருக்குத் தெரிந்தவர் ‘கண் டாக்டர்’ ஒருவரே. புரை எடுப்பவரும் மாறுகண்ணைத் திருத்துபவரும் கண்ணாடி எழுதித் தருபவரும் அவர்தான். இன்று தாத்தாவுக்கு விழித்திரை டாக்டர், பேரனுக்குக் குழந்தைக் கண் டாக்டர் என்று சீட்டே இரண்டாகப் பிரிகிறது.

அன்று கண் மருத்துவம் படித்தவர் முன்னால், எந்தப் பிரிவு என்ற கேள்வி பெரிதாக எழவில்லை. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமி, மகப்பேறு மருத்துவராகவே விரும்பியவர். முடக்குவாதம் விரல்களைக் கோணலாக்கியதால் கண் மருத்துவத்துக்கு வந்தார். அந்த விரல்களாலேயே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைச் சிகிச்சைகள் செய்தார். வாசலில் காத்திருந்த கூட்டம் பெரும்பாலும் புரைக் கூட்டம். தேவையே அவருக்கான வேலையைத் தேர்ந்தெடுத்தது.

இன்று மூன்றாண்டு எம்.எஸ். முடித்தவர் கருவிழியா, கிளாக்கோமாவா, விழித்திரையா, குழந்தைகள் கண்ணா என்று யோசிக்கிறார். ஃபெலோஷிப்புக்கு மேலும் ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் தர வேண்டும். அரவிந்த் 2019இல் திருப்பதிக்கும் வந்துவிட்டதால், குடுபல்லிக்காரர் தன் மாநிலமான ஆந்திரத்திலேயே இத்தகைய பிரிவு மருத்துவரைப் பார்க்க முடிகிறது. யோசிப்பவரின் மனத்தில் பல கணக்குகள்: பிடித்த ஆசிரியர், கையில் கிடைக்கும் அறுவை, கருவிகளின் விலை, வருமானம், சொந்த ஊர்.

இந்தக் கணக்கில் குழந்தைப் பிரிவு பலருக்குப் பின்னுக்குப் போகிறது. புரை எடுத்த பெரியவர் மறுநாளே முகம் பார்த்துச் சிரிப்பார். குழந்தைக்கோ முழு மயக்கம் கொடுத்து அறுவை செய்த பிறகுதான் வேலை தொடங்குகிறது. கண்ணாடி போட வேண்டும். நல்ல கண்ணை மறைத்து, சோம்பிய கண்ணைப் பழக்க வேண்டும். அதை வருடக்கணக்கில் விடாமல் செய்யத் தாயைத் தயார்படுத்த வேண்டும். எழுத்தறியாத குழந்தையின் பார்வையை, பொம்மையை நகர்த்தி, கண் அதைப் பின்தொடர்கிறதா என்றெல்லாம் பார்த்து அளக்க வேண்டும். ஐந்து புரை நோயாளிகளைப் பார்க்கும் நேரம் ஒரு குழந்தைக்கே போய்விடலாம்.

ஆனால் அந்தப் பொறுமைக்குத் தேவை கூடியிருக்கிறது. அன்று வைட்டமின் ஏ குறைவு குழந்தைகளின் கருவிழியை அழித்தது; 1970இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் அந்த வைட்டமினை வாய்வழி மருந்தாகக் கொடுத்தே அதைப் பெரிதும் தடுக்க முடிந்தது. அன்று பிழைத்திராத குறைமாதக் குழந்தைகள் இன்று பிழைக்கிறார்கள். அவர்களுடைய விழித்திரை ரத்தக்குழாய்கள் தாறுமாறாக வளரும் அபாயமும் கூடவே வருகிறது. பிறந்த 30 நாளுக்குள் பார்த்தால் லேசரால் காப்பாற்றலாம். தவறவிட்டால் விழித்திரை பிரிந்து, வாழ்நாள் முழுவதும் இருட்டாகிவிடலாம். இதற்கு வாய்வழி மருந்து போதாது. பயின்ற ஒரு ஜோடிக் கண்கள் வேண்டும்.

குடும்பத்தையே அறிந்திருந்த ஒரே மருத்துவரை இழந்திருக்கிறோம்; அவரால் காப்பாற்ற முடியாத கண்களைக் காக்கும் திறனைப் பெற்றிருக்கிறோம். பெற்றது பெரிது. அது பெருநகரங்களிலேயே தங்கிவிடக் கூடாது. இளம் மருத்துவரின் தேர்வு அவருடைய உரிமை. அவர் குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தால் நஷ்டப்படாதபடி சம்பளத்தையும் பணியிடத்தையும் அமைத்துத் தருவது அரசுக்கும் மருத்துவமனைகளுக்கும் உள்ள கடமை.