உங்களுக்குத் தெரியுமா? தலைச்சுமையில் தொடங்கிய பீட்சா கடை

அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில், ஊஸ்டர் தெருவிலுள்ள ஃபிராங்க் பெப்பே பீட்சா கடைக்கு வயது ஏறத்தாழ நூறு. இத்தாலியின் மயோரி ஊரிலிருந்து 1909-இல் பிழைப்புத் தேடி வந்தவர் பெப்பே. ரொட்டிக்கடையில் வேலை பார்த்தார். பிறகு தக்காளி பீட்சாக்களைச் சுட்டு, நம்மூரில் சும்மாடு வைத்துக் கூடை சுமப்பதைப் போலத் தலையில் ஏந்திப்போய், பக்கத்துச் சந்தைத் தொழிலாளர்களிடம் விற்றார். 1925-இல் மனைவி ஃபிலொமினாவுடன் சொந்தக் கடை திறந்தார்.

அடுப்பு எரிவது நிலக்கரியில். அந்தக் கடுஞ்சூட்டில் மாவின் ஓரம் ஆங்காங்கே கருகி மொறுமொறுவென்று வரும். ருசியே அந்தக் கருகலில்தான் இருக்கிறது! கடையின் பெருமை வெள்ளை மட்டி பீட்சா. தக்காளிச் சாறு கிடையாது. மட்டிச் சதை, பூண்டு, ஒரிகானோ, ஆலிவ் எண்ணெய், துருவிய பாலாடைக்கட்டி, அவ்வளவுதான். அந்த ஊர்க்காரர்கள் பீட்சாவைப் பழைய நேப்பிள்ஸ் வழக்கில் ‘அபீட்ஸ்’ என்கிறார்கள்.

பெப்பேயிடம் வேலை பழகிய சகோதரி மகன் சால்வடோர், 1938-இல் அதே தெருவில் ‘சாலீஸ்’ கடையைத் தொடங்கினார். இரண்டிலும் இன்றும் வரிசை நிற்கிறது.