இன்ஜின் மாற்றம் – 9: பெட்ரோலுக்குள் ஒரு மோட்டார்

1969 கேமரோவிலிருந்து பழைய கார்ப்புரேட்டர் வி8 இறங்கி, எல்எஸ்1 ஏறிவிட்டது. மவுண்ட் கதையெல்லாம் போன வாரத்தோடு முடிந்தது. இனி பெட்ரோல்.

பழைய இன்ஜினின் பக்கவாட்டில் ஒரு மெக்கானிக்கல் பம்ப் இருந்தது. டிக்கிக்கு அடியில் கிடக்கும் டேங்கிலிருந்து, வண்டியின் நீளத்துக்கு பெட்ரோலை உறிஞ்சி இழுக்கும். கார்ப்புரேட்டருக்கு ஆறேழு பிஎஸ்ஐ போதும். இன்ஜெக்டர் வைத்த எல்எஸ்1 கேட்பது 58 பிஎஸ்ஐ. தவிர, உறிஞ்சும்போது குழாயில் அழுத்தம் குறைகிறது. சூடும் சேர்ந்தால் பெட்ரோல் அங்கேயே ஆவியாகிவிடும். ஆவி அடைத்தால் பம்ப் வெறுமனே அடித்துக்கொண்டிருக்கும். சித்திரை வெயிலில் அம்பாசடரை ஓரங்கட்டி, பம்பின் மேல் ஈரத்துணி போட்டுக் காத்திருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பம்பை டேங்குக்குள்ளேயே இறக்கிவிட்டால் உறிஞ்சுகிற பாடு இல்லை, தள்ளினால் போதும்.

ஆனால் உள்ளே போவது மின்சார மோட்டார். அதற்கு கார்பன் பிரஷ் உண்டு, பிரஷ் இருந்தால் பொறியும் உண்டு. வெளியே தனி உறை போட்டுக் காப்பாற்றியிருப்பார்கள் என்று நினைப்போம். அப்படி எதுவும் இல்லை. பெட்ரோல் அந்த மோட்டாருக்குள்ளேயே, ஆர்மேச்சரையும் பிரஷையும் தொட்டுக்கொண்டு ஓடுகிறது. மோட்டாரைக் குளிர வைப்பதும் அந்த ஓட்டம்தான்.

ஏன் பற்றவில்லை? இந்த வாரம் என்னைப் பிடித்துக்கொண்ட கேள்வி இதுதான். பெட்ரோல் ஆவி பற்ற வேண்டுமானால் காற்றில் அது சுமார் 1.4 சதவீதத்திலிருந்து 7.6 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மூடிய டேங்கில், பெட்ரோல் மட்டத்துக்கு மேலே உள்ள இடத்தில் சாதாரண வெப்பநிலையில் ஆவி இந்த உச்ச வரம்பை வெகுவாகத் தாண்டி நிற்கும். எரியத் தேவையான காற்று அங்கே இல்லை. பம்புக்குள்ளோ திரவம் மட்டும். செவர்லே 1971லேயே, கார்ப்புரேட்டர் வைத்த வேகா காரில் மின்சாரப் பம்பை டேங்குக்குள் வைத்தது. ஆயில் அழுத்தம் விழுந்தால் பம்ப் நிற்கும்படி ஒரு சுவிட்சும் கொடுத்திருந்தார்கள். விபத்தில் இன்ஜின் நின்ற பிறகும் பம்ப் பெட்ரோலைக் கொட்டிக்கொண்டிருக்கக் கூடாது அல்லவா? இன்று அந்த வேலையை இன்ஜின் கம்ப்யூட்டர் செய்கிறது. சாவியைத் திருப்பியதும் பின்னாலிருந்து இரண்டு விநாடி ‘உம்ம்’ என்று கேட்கும். இன்ஜின் சுற்றாவிட்டால் அடங்கிவிடும்.

இதே கணக்கின் மறுபக்கம்தான் ஆளைக் கொல்வது. நிறைந்த டேங்கை விடக் காலி டேங்க் ஆபத்து. பெட்ரோலை வடித்த பிறகு காற்று உள்ளே போகிறது, மிச்ச ஆவி நீர்த்து அந்த 7.6க்குக் கீழே இறங்குகிறது. பம்ப் இறக்க மேலே ஓட்டை போடுகிறேன் என்று பழைய டேங்கில் கிரைண்டர் வைப்பவர் அந்த நேரத்தில்தான் வைக்கிறார். தண்ணீர் விட்டு அலசினேன் என்ற சமாதானம் வேண்டாம். தகட்டு மடிப்பில் ஒளிந்திருக்கும் பெட்ரோல், சூடு பட்டதும் வெளியே வரும். முதல் தலைமுறை கேமரோவுக்கென்றே, உள்ளே பம்பும் தடுப்புத் தகடும் வைத்த புது டேங்குகள் விற்கிறார்கள். அதை வாங்குங்கள் என்பதுதான் என் முடிவான கருத்து. தடுப்புத் தகடு இருந்தால் வளைவில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கினாலும் பம்ப் காற்றை விழுங்காது.

ஹோஸ் விஷயத்தில் மட்டும் கைவசம் இருப்பதைப் போடாதீர்கள். சாதாரண பெட்ரோல் ஹோஸின் உட்புறம்தான் பெட்ரோலைத் தாங்கும். டேங்குக்குள் வெளிப்புறமும் ஊறுகிறது. மேல் ரப்பர் உப்பி, வெடித்து, உதிரும். மூழ்கிக் கிடப்பதற்கென்று உள்ளது எஸ்ஏஇ ஜே30ஆர்10 ரகம். அந்த எண் ஹோஸின் மேலேயே அச்சாகியிருக்கும், படித்துப் பார்த்து வாங்குங்கள். உள்ளே ஹோஸ் கிழிந்தால் தரையில் ஒரு சொட்டுக்கூடத் தெரியாது. அழுத்தம் மட்டும் விழும். ஏற்றத்தில் மிதிக்கும்போது வண்டி திணறும்.

இந்த வாரம் சொல்வதாக இருந்த ரெகுலேட்டருக்கும் ரிட்டர்ன் லைனுக்கும் இடமில்லை. கார்வெட்டின் ஃபில்டர் ஒன்றே இரண்டு வேலையையும் எப்படி முடிக்கிறது என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)