நீரிறைக்கும் இயந்திரத்துக்குக் கூட்டாகப் பணம் சேர்க்கும் கணக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒரு கிணற்றைப் பல தோட்டக்காரர் பங்காக வைத்துப் பயிர் செய்தல் நெடுங்கால வழக்கம். இவர்கள் கூடி நீரிறைக்கும் இயந்திரம் ஒன்றை வாங்க முற்படும்போது, விலையை ஆள் வீதம் சமமாகப் பிரிக்கும் யோசனையே முதலிலே தோன்றும். அது எப்போதும் நியாயமாகாது.

இயந்திரத்தின் விலை 72,000 ரூபா எனவும், மூன்று தோட்டக்காரர் முறையே 6, 4, 8 பரப்பில் வெங்காயமும் மிளகாயும் செய்கின்றனர் எனவும் கொள்வோம். சமமாகப் பிரித்தால் ஒவ்வொருவரும் 24,000 ரூபா கொடுத்தல் வேண்டும். 8 பரப்புச் செய்பவருக்குப் பரப்பொன்றுக்கு 3,000 ரூபா. 4 பரப்புச் செய்பவருக்கோ 6,000 ரூபா. சிறிய தோட்டக்காரரே இரட்டிப்புச் சுமையைத் தாங்குகின்றார். தவணை தவறிக் கூட்டிலிருந்து முதலில் விலக நேர்பவரும் பெரும்பாலும் அவரே.

நிலத்தின்படி பிரிப்பதாயின், 6:4:8 என்பதை இரண்டால் வகுக்க 3:2:4 ஆகும். மொத்தம் 9 பங்கு. ஆகவே அவரவர் பகுதி 3/9, 2/9, 4/9. 72,000 ஐ 9 ஆல் வகுக்க ஒரு பங்கு 8,000 ரூபா. முதலாமவர் 24,000, இரண்டாமவர் 16,000, மூன்றாமவர் 32,000 ரூபா சேர்த்தல் வேண்டும். மூன்றையும் கூட்டி 72,000 வருகின்றதா எனப் பார்த்துக்கொள்க. இப்போது எவருக்கும் பரப்பொன்றுக்கு 4,000 ரூபாவே. எட்டு மாதத்திற் சேர்ப்பதாயின் மாதம் 3,000, 2,000, 4,000 ரூபா. (16 பரப்பு ஓர் ஏக்கராதலால், பரப்பென்பது ஏக்கரில் ஒரு வீசமே. ஆயினும் அரை, கால், வீசம் என்று பேசிப் பழகியோர் ஒன்பதிலொன்றை அவற்றாற் சரியாகச் சொல்ல இயலாது. பங்குகளாக எண்ணுவதே இலகு.)

காலபோகத்தில் மழையை நம்பி நெல் விதைக்கும் நிலத்தை இக்கணக்கிற் சேர்த்தலாகாது. இயந்திரத்தால் நீர் பாயும் நிலமே அளவு. உறுதியில் எழுதப்பட்ட கிணற்றுப் பங்கும் வேறு, இதுவும் வேறு. எரிபொருட் செலவை அவரவர் இறைத்த மணித்தியாலத்தின்படி அவரவரே ஏற்றல் நன்று.

மூன்று மாதம் கழிந்தபின் 6 பரப்புச் செய்யும் நான்காமவர் ஒருவர் சேரின், விகிதம் 3:2:4:3 ஆகும். மொத்தம் 12 பங்கு. ஒரு பங்கு 6,000 ரூபா. முன்னைய மூவரின் பகுதிகள் 18,000, 12,000, 24,000 ரூபாவாகக் குறையும். அவற்றிற் சரிபாதியை அவர்கள் ஏற்கெனவே கட்டியிருப்பர். எஞ்சிய ஐந்து மாதமும் அவர்கள் 1,800, 1,200, 2,400 ரூபா வீதமும், புதியவர் 3,600 ரூபா வீதமும் கட்டினாற் போதும்.

ஒருவர் விலகினாலோ எஞ்சியோரின் சுமை கூடும். விலகுபவருக்குப் பணம் எப்போது திருப்பிக் கொடுக்கப்படும் என்பதைத் தொடக்கத்திலேயே எழுதி எல்லோரும் கையொப்பமிடல் வேண்டும். பணத்தை ஒருவர் கையில் விடாது வங்கியிற் கூட்டுக் கணக்காக இட்டு, எடுப்பதற்கு இருவர் கையொப்பம் தேவையென முன்கூட்டியே அங்கு எழுத்தில் அறிவித்துக்கொள்க.