கடைக்குப் போறாங்களா, ஊர்வம்புக்குப் போறாங்களா? அமெரிக்கர்களின் வால்மார்ட் கதை!

டீக்கடையில் ஒரு டீயும் வடையும் சாப்பிட்டுவிட்டு போன்பேயில் பணம் அனுப்புறீங்க. கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும் குட்டி ஸ்பீக்கர், பணம் வந்து சேர்ந்ததைத் தெருவுக்கே சத்தமாக அறிவிக்கிறது. அந்தக் குரல் யாருடையதோ இருக்கட்டும். அந்த நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்கு யாருடையது தெரியுமா? அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் பிறந்த ஒரு தள்ளுபடிக் கடையுடையது. பெயர், வால்மார்ட்.

2018 மே மாதம், ஃபிளிப்கார்ட்டின் சுமார் 77% பங்குகளை 1,600 கோடி டாலருக்கு வாங்குவதாக வால்மார்ட் அறிவித்தது. ஃபிளிப்கார்ட் கையில் இருந்த போன்பேயும் கூடவே போனது. பிறகு போன்பே தனி நிறுவனமாகப் பிரிந்தபோதும் பெரும்பங்கு வால்மார்ட்டிடமேதான் இருந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், 2012-ல் சில்லறை வணிகத்தில் 51% அந்நிய முதலீட்டை மத்திய அரசு அனுமதித்தபோது இங்கே எல்லோருடைய வாயிலும் இருந்த பெயர் இதுதான். 'வால்மார்ட் வந்தா அண்ணாச்சி கடை காலி' என்று வணிகர்கள் கொதித்தார்கள். தமிழ்நாட்டில் அனுமதிக்க மாட்டோம் என்றார் அப்போதைய முதல்வர் ஜெயலலிதா. கடைசியில் நம்ம தெருவில் வால்மார்ட் போர்டு மாட்டிய மளிகைக்கடை வரவே இல்லை. நம்ம போனுக்குள்ளே வந்துவிட்டது!

சரி, நாம இவ்வளவு பயந்த அந்தக் கடை, அது பிறந்த ஊரில் எப்படி இருக்கு?

அமெரிக்கச் செய்திகளைக் கொஞ்ச நாள் கவனித்துப் பாருங்க. புயல் வந்தால் வால்மார்ட், சம்பளப் பிரச்னை என்றால் வால்மார்ட், துப்பாக்கி விவாதம் என்றால் வால்மார்ட், வைரல் வீடியோ என்றாலும் வால்மார்ட். மளிகை சாமான் விற்கிற கடை எதற்கு இத்தனை இடத்தில் தலைகாட்ட வேண்டும்?

முதல் காரணம் ரொம்ப சிம்பிள். அமெரிக்காவில் மட்டும் சுமார் 4,600 வால்மார்ட் கடைகள். அங்கே 10 பேரில் 9 பேர், ஏதாவது ஒரு வால்மார்ட்டுக்கு 16 கிலோமீட்டர் தூரத்துக்குள்தான் வசிக்கிறார்கள். அமெரிக்காவில் 16 லட்சம் பேர், உலகம் முழுக்க 21 லட்சம் பேர் இதில் வேலை பார்க்கிறார்கள். 2024 நிதியாண்டில் வருமானம் 64,800 கோடி டாலர். எல்லோரும் வருகிற இடத்தில் எல்லாமே நடக்கும். அவ்வளவுதான்.

அரிசி, பால், டயர், மருந்து, கண்ணாடி, துப்பாக்கி எல்லாம் ஒரே கூரையின் கீழ். 2020 வரை பல ஊர்களில் நள்ளிரவு தாண்டியும் திறந்திருந்த ஒரே வெளிச்சம் இதுதான். பல கடைகளின் பார்க்கிங்கில் வேனை நிறுத்திவிட்டு ராத்திரி தூங்க அனுமதி உண்டு. ஊர் சுற்றுகிறவர்களும், வாடகை கட்ட முடியாமல் வண்டியையே வீடாக்கிக் கொண்டவர்களும் பக்கத்துப் பக்கத்தில் படுத்திருப்பார்கள்.

2018-ல் இல்லினாய் மாநிலத்தின் ஹாரிஸ்பர்க் என்ற சின்ன ஊரில், வால்மார்ட் கடைக்குள் நின்றபடி ஒரு 11 வயதுப் பையன் பழைய நாட்டுப்புறப் பாட்டு ஒன்றைத் தொண்டையை உடைத்து உடைத்துப் பாடினான். யாரோ போனில் எடுத்தார்கள். சில வாரங்களில் மேசன் ராம்சே, கோச்செல்லா இசைத் திருவிழா மேடையில் நின்றான். இது இனிப்பான பக்கம். கசப்பான பக்கமும் உண்டு. 2009-ல் 'பீப்பிள் ஆஃப் வால்மார்ட்' என்று ஒரு தளம் வந்தது. கடைக்கு வருகிறவர்களின் கிழிந்த உடை, பருத்த உடம்பு, விநோதமான தலைமுடி எல்லாவற்றையும் போட்டோ எடுத்துப் போட்டுச் சிரிப்பதுதான் அதன் வேலை. நாடே சிரித்தது. ஏழைகளைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று யோசிக்காமலே சிரித்தது என்பேன் நான். வால்மார்ட் ஜோக் என்றால் பாதி ஜோக் கடையைப் பற்றி இல்லை, அங்கே தவிர வேறெங்கும் வாங்க முடியாதவர்களைப் பற்றி.

ஒரு டாலருக்கு நாலு ஜட்டி

இந்தக் கடையைப் புரிந்துகொள்ள ஜட்டி கணக்கு ஒன்று தெரிந்தால் போதும். சிரிக்காதீங்க, நிஜமாவே.

சாம் வால்டன், 1945-ல் ஆர்கன்சாவின் நியூபோர்ட் ஊரில் ஒரு சின்னக் கடை நடத்திக்கொண்டிருந்தவர். வழக்கமான மொத்த வியாபாரியிடம் பெண்களுக்கான உள்ளாடை ஒரு டஜன் இரண்டரை டாலர். அதை மூன்று ஒரு டாலர் என்று விற்றார்கள். வால்டன், நியூயார்க்கில் அதையே டஜன் இரண்டு டாலருக்குத் தருகிற ஆளைப் பிடித்தார். நீங்களா இருந்தா என்ன செய்வீங்க? பழைய விலைக்கே விற்று மிச்சத்தைப் பையில் போடுவோம். வால்டன் விலையைக் குறைத்தார், நான்கு ஒரு டாலர். ஒவ்வொன்றிலும் கிடைத்த லாபம் குறைந்தது. ஆனால், விற்ற எண்ணிக்கை எகிறி, மொத்த லாபம் கூடியது. இதை அவரே தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

1962 ஜூலை 2-ல் ரோஜர்ஸ் ஊரில் முதல் வால்மார்ட்டைத் திறந்தபோது அதே கணக்குதான் கொள்கையானது. நம்ம ஊர் ஆடித் தள்ளுபடி ஒரு மாசம். இங்கே 12 மாசமும் ஆடி. பெரிய நகரங்களைப் போட்டியாளர்களுக்கு விட்டுவிட்டு, யாரும் சீண்டாத சின்ன ஊர்களாகப் பார்த்துக் கடை போட்டார். கோடீஸ்வரர் ஆன பிறகும் பழைய ஃபோர்டு பிக்கப் வண்டியைத்தான் ஓட்டினார். அந்த வண்டியை இன்றைக்கும் பென்டன்வில் அருங்காட்சியகத்துக்காகப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

ஆனால் விலை குறைகிறது என்றால் அந்தக் குறைவை யாரோ ஒருவர் தாங்க வேண்டும் இல்லையா? அங்கேதான் கதை சிக்கலாகிறது.

விளாசிக் என்பது அமெரிக்காவின் பிரபலமான வெள்ளரிக்காய் ஊறுகாய் பிராண்ட். 1990-களின் கடைசியில், அதன் ஒரு கேலன் ஜாடியை, அதாவது கிட்டத்தட்ட 3.8 லிட்டரை, 2.97 டாலருக்கு வால்மார்ட் விற்றது. குடம் மாதிரி ஜாடி! ஒரு குடும்பத்தால் தின்று தீர்க்க முடியாது. பாதி பூஞ்சை பிடித்துக் குப்பைக்குப் போகும். ஆனாலும் அந்த விலையைப் பார்த்தால் கை நீளத்தானே செய்யும்? ஜாடிகள் பறந்தன. விளாசிக்குக் கிடைத்ததோ ஜாடிக்கு ஒன்றிரண்டு சென்ட். இன்னொரு பக்கம், மற்ற கடைகளில் நல்ல லாபத்துக்கு விற்றுக்கொண்டிருந்த சின்னப் பாட்டில்களை வாங்க ஆள் குறைந்தார்கள். விலையைக் கொஞ்சம் ஏற்றலாமா என்று கேட்டால் வால்மார்ட் மசியவில்லை. சார்லஸ் ஃபிஷ்மேன் என்ற பத்திரிகையாளர் இதை விரிவாக எழுதினார். 2001 ஜனவரியில் விளாசிக் திவால் மனு போட்டது. அதற்கு அந்த ஜாடி ஒன்று மட்டுமே காரணம் இல்லை. ஆனால், பெரிய வாடிக்கையாளர் என்பவர் எப்படிப்பட்ட முதலாளி ஆகிவிடுவார் என்பதற்கு அமெரிக்க வணிக உலகம் இன்னும் சொல்லும் உதாரணம் அந்த ஊறுகாய்தான்.

விலையின் மீதிச் சுமை, கடைக்குள் வேலை செய்பவர்கள் தோளில். 2013 நவம்பரில் ஒஹாயோ மாநிலத்தின் கேன்டன் ஊரில், ஒரு வால்மார்ட்டின் ஊழியர்கள் பகுதியில் சில பிளாஸ்டிக் பெட்டிகள் வைக்கப்பட்டிருந்தன. 'தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு, கஷ்டத்தில் இருக்கும் சக ஊழியர்களுக்காக உணவுப் பொருள் கொடுங்கள்' என்ற அர்த்தத்தில் ஒரு நோட்டீஸ். படம் வெளியில் வந்ததும் பெரிய புயல். ஊழியர்கள் ஒருவருக்கொருவர் உதவுகிறார்கள், இதில் என்ன தப்பு என்றது நிறுவனம். தப்பே இல்லைதான். உலகின் மிகப் பெரிய மளிகைக்கடையில் வேலை பார்ப்பவருக்குப் பண்டிகைச் சாப்பாட்டுக்கு மளிகை இல்லை என்பதுதான் உறுத்துகிறது. 2020-ல் அமெரிக்க அரசின் கணக்குத் தணிக்கை அலுவலகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. அது ஆராய்ந்த மாநிலங்களில், அரசின் உணவு உதவியையும் மருத்துவ உதவியையும் பெறும் தொழிலாளர்கள் அதிகம் வேலை பார்க்கும் நிறுவனங்களின் வரிசையில் வால்மார்ட் முன்னணியில் இருந்தது. அதாவது ஜாடியின் விலையில் கொஞ்சத்தை வரி கட்டுபவர்களும் தருகிறார்கள்.

விமர்சனங்கள் குவியக் குவிய, 2015-ல் மணிக்கு 9 டாலர் என்றும், 2023-ல் 14 டாலர் என்றும் ஆரம்பச் சம்பளத்தை உயர்த்தியது நிறுவனம். இதுவும் தலைப்புச் செய்திதான். 16 லட்சம் பேருக்குச் சம்பளம் தருகிற இடத்தில் ஒரு டாலர் ஏறினால், பக்கத்துக் கடைக்காரரும் ஏற்றியாக வேண்டும்.

வாசலில் நின்று 'வாங்க வாங்க' என்று வரவேற்பவர்களையும் சொல்ல வேண்டும். 1980-ல் லூசியானாவின் குரோலி ஊர்க் கடையில் ஆரம்பித்த பழக்கம் இது. வருகிறவருக்கு மரியாதை, திருடுகிறவருக்குக் கண்காணிப்பு என ஒரே கல்லில் இரண்டு மாங்காய். வயதானவர்களும் மாற்றுத்திறனாளிகளும் நிறைய பேர் இந்த வேலையில் இருந்தார்கள். 2019-ல் இந்தப் பொறுப்பை மாற்றி, 11 கிலோ எடை தூக்கத் தெரிய வேண்டும் என்று நிபந்தனை போட்டபோது, சக்கர நாற்காலியில் இருந்தபடி பல வருஷமாக வரவேற்றவர்கள் எங்கே போவார்கள் என்று ஊர் ஊராக வாடிக்கையாளர்களே கொந்தளித்தார்கள். நிறுவனம் இறங்கிவந்து, மாற்றுத்திறனாளி ஊழியர்களைத் தக்கவைக்க வழி தேடுவதாகச் சொன்னது. ஒரு கடையின் வாசலில் நிற்பவருக்காக ஊரே சண்டை போடுகிறது, பாருங்க!

(இதே சிரித்த முகம் ஜெர்மனியில் எடுபடவில்லை. 1997-ல் போன வால்மார்ட், 2006-ல் மூட்டை கட்டியது. முன்பின் தெரியாதவர் கடைவாசலில் பல்லைக் காட்டுவது அங்கே பலருக்கு ஒட்டவில்லை. நஷ்டத்துக்கு வேறு காரணங்களும் உண்டு.)

புயலுக்கு முன்னால் பீர்

2004-ல் ஃபிரான்சஸ் புயல் ஃபுளோரிடாவை நெருங்கியபோது, அதற்குச் சில வாரங்களுக்கு முன்பு அடித்த சார்லி புயலின்போது மக்கள் என்ன வாங்கினார்கள் என்று வால்மார்ட் தன் கம்ப்யூட்டரில் அலசியது. டார்ச் லைட் இருக்கும் என்று யாரும் சொல்லிவிடலாம். ஆச்சர்யம் என்னவென்றால், ஸ்ட்ராபெர்ரி ஜாம் வைத்த பாப்-டார்ட்ஸ் வழக்கத்தைவிட 7 மடங்கு விற்றிருந்தது. அடுப்பு வேண்டாம், ஃபிரிட்ஜ் வேண்டாம், குழந்தைகளும் சாப்பிடும். புயலுக்கு முன்னால் அதிகம் விற்ற சரக்கு? பீர்! உடனே லாரிகள் கிளம்பின. உங்கள் ஷாப்பிங் ஆப் உங்களுக்கு முன்பே உங்கள் தேவையை யூகிக்கிறதே, அதன் தாத்தா இதுதான்.

அடுத்த ஆண்டு கத்ரினா. நியூ ஆர்லியன்ஸ் மூழ்கியபோது அரசின் உதவி திணறித் திணறி வந்தது. வால்மார்ட் லாரிகள் தண்ணீரோடு வந்துவிட்டன. பக்கத்து ஜெஃபர்சன் பகுதியின் தலைவர் ஆரோன் புரூசார்ட், வால்மார்ட் செயல்பட்டதைப் போல அரசு செயல்பட்டிருந்தால் இந்த நிலைமையே வந்திருக்காது என்று டி.வி-யில் அழுகையோடு சொன்னார். கடையைத் திட்டியவர்கள்கூட அன்றைக்கு வாயை மூடிக்கொண்டார்கள். எனக்கு இதில் நிம்மதியைவிடக் கவலைதான் அதிகம். அரசு செய்ய வேண்டியதைக் கடை செய்தால், கடை இல்லாத ஊரின் கதி?

2019 ஆகஸ்ட் 3-ல், டெக்சாஸின் எல்லை நகரமான எல் பாசோவில், ஸ்பானிஷ் வம்சாவளியினரைக் குறிவைத்து வந்தவன், சனிக்கிழமைக் கூட்டம் நிறைந்த வால்மார்ட்டைத் தேர்ந்தெடுத்தான். 23 உயிர்கள் போயின. மெக்சிகோவிலிருந்து எல்லை தாண்டி சாமான் வாங்க வந்தவர்களும் அதில் இருந்தார்கள். அடுத்த மாதமே கைத்துப்பாக்கித் தோட்டாக்கள் விற்பதை நிறுத்துவதாக நிறுவனம் அறிவித்தது. நாடாளுமன்றம் தீர்மானிக்க முடியாமல் தவித்ததில் ஒரு துளியை ஒரு கடையின் தலைமை அலுவலகம் தீர்மானித்தது. கடையின் பார்க்கிங்கில் இப்போது 30 அடி உயரத்தில் ஒரு நினைவுத்தூண் நிற்கிறது.

மூடிய கதவு

கடை இல்லாத ஊரின் கதி என்ன என்று கேட்டேன் இல்லையா? மேற்கு வர்ஜீனியாவின் மெக்டவல் கவுண்டி பதில் சொல்லும்.

நிலக்கரிச் சுரங்க மலைப்பகுதி அது. 1950-ல் மக்கள்தொகை ஒரு லட்சத்தை நெருங்கியது. சுரங்கங்கள் ஆட்குறைப்பு செய்யச் செய்ய, இன்று 20,000-க்கும் கீழே. அந்தக் கவுண்டியின் கிம்பால் ஊரில் இருந்த வால்மார்ட் சூப்பர்சென்டர்தான் காய்கறி, மருந்து, உடை, வேலை எல்லாவற்றுக்கும் ஆதாரம். வயதானவர்கள் ஏசியில் காலாற நடக்கவும், தெரிந்த முகம் நாலைப் பார்க்கவும் அங்கேதான் வந்தார்கள். நம்ம ஊரில் கோயில் வாசலும் சந்தையும் டீக்கடையும் செய்கிற வேலையை அந்த ஒரு கட்டடம் செய்துகொண்டிருந்தது.

2016 ஜனவரியில், உலகம் முழுக்க 269 கடைகளை மூடப்போவதாக வால்மார்ட் அறிவித்தது. பட்டியலில் கிம்பாலும் இருந்தது. அறிவிப்பு வந்த அதே மாதம் கடை மூடப்பட்டது. 140 பேர் அளவில் வேலை இழந்தார்கள். நகராட்சிக்கு வந்துகொண்டிருந்த வரி நின்றது. சாம் வால்டனின் நான்கு ஜட்டி கணக்கில், வாங்குவதற்கு ஆள் குறைந்துவிட்ட ஊருக்கு இடம் கிடையாது.

இப்போது சூப்பர்சென்டருக்குப் போக வேண்டுமென்றால், வளைந்து வளைந்து போகும் மலைப்பாதையில் பக்கத்து கவுண்டிக்கு வண்டி ஓட்ட வேண்டும். கிம்பாலில் ஏழைகளுக்கு இலவசமாக உணவு தரும் ஒரு மையம் இருந்தது. விற்காமல் மிஞ்சிய உணவை வால்மார்ட் அங்கே கொடுத்துக்கொண்டிருந்தது. கடை மூடியபோது அந்த வரத்தும் நின்றது, சாப்பாடு தேவைப்பட்டவர்கள் கூடிய அதே நேரத்தில்.