தனியே மலை ஓடப் போகிறீர்களா?

நம் பிள்ளைகளில் பலர் இன்று மரதன் ஓடுகிறார்கள். விடுமுறையில் ஸ்நோடன் மலைக்கும் அல்ப்ஸ் மலைக்கும் ஓடப் போகிறவர்களும் உண்டு. நல்ல பழக்கம்தான். ஆனால் ஹரோ குன்றின் உயரம் சுமார் 120 மீற்றர். ஸ்நோடனோ 1,085 மீற்றர். ஒவ்வொரு 1,000 மீற்றருக்கும் வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை செல்சியஸ் குறைகிறது. காற்றும் மழையும் சேர்ந்தால் குளிர் இன்னும் கடுமையாகும்.

2008 யூலையில் ஜேர்மனியின் சுக்ஸ்பிட்ச மலையில் (2,962 மீற்றர்) நடந்த ஓட்டப் போட்டியின்போது மழையும் பனியும் பெய்தன. மெல்லிய ஆடையுடன் ஓடிய பலர் குளிரில் விறைத்துப் போனார்கள், இருவர் உயிரிழந்தனர். பலர் சேர்ந்து ஓடிய இடத்திலேயே இப்படி என்றால், தனியே ஓடுபவருக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

காரணம் என்ன?

ஓடும்போது தசைகள் வெப்பத்தை உண்டாக்குவதால் மெல்லிய உடையே போதும் என்று தோன்றும். களைத்தோ கால் சுளுக்கியோ நின்றவுடன் அந்த வெப்பம் குறைந்துவிடும். நனைந்த உடை உடற்சூட்டை விரைவாக இழக்கச் செய்யும். உடலின் உள்வெப்பம் 35 பாகைக்குக் கீழே போவதையே ஹைப்போதெர்மியா என்கிறோம். நடுக்கம், நாக்குழறல், தடுமாற்றம், மனக்குழப்பம் ஆகியன இதன் அறிகுறிகள். மூளை மந்தமாவதால் தான் ஆபத்தில் இருப்பதே அவருக்குத் தெரியாது. பக்கத்தில் ஒருவர் இருந்தால்தான் கவனிப்பார்.

புறப்படுமுன்

* கூடியவரை துணையுடன் செல்லுங்கள்.
* மலையுச்சிக்கான வானிலை அறிக்கையைப் பாருங்கள்.
* மழை அங்கி, உலர்ந்த கம்பளி உடை, தொப்பி, கையுறை, உணவு, வரைபடம், நெற்றி விளக்கு, விசில் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள்.
* அல்ப்ஸில் 2,500 மீற்றருக்கு மேல் தலையிடி, வாந்தி வந்தால் மேலே ஏறாமல் கீழே இறங்குங்கள்.

ஆபத்து நேர்ந்தால்

பிரித்தானியாவில் 999ஐ அழைத்து, முதலில் பொலிசையும் பின் மலை மீட்புக் குழுவையும் கேளுங்கள். தொலைபேசி வேலை செய்யாவிட்டால் ஒரு நிமிடத்தில் ஆறு தடவை விசில் ஊதி, ஒரு நிமிடம் விட்டு மீண்டும் ஊதுங்கள். குளிரில் விறைத்தவரின் ஈர உடையைக் களைந்து, தலை உட்படப் போர்த்துங்கள். நினைவுடன் இருந்தால் சூடான இனிப்புப் பானம் கொடுக்கலாம். கை கால்களைத் தேய்க்கவோ, சுடுநீரில் குளிப்பாட்டவோ, பிராண்டி கொடுக்கவோ வேண்டாம்.

பெற்றோரே, பிள்ளை புறப்படும்போது "எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவாய்?" என்று கேட்டு எழுதி வையுங்கள். அந்த நேரம் கடந்தும் தகவல் இல்லையென்றால் தயங்காமல் 999ஐ அழையுங்கள்.