விழாமல் இருக்கப் பழகலாம்: முதியவர்களின் சமநிலை பற்றிச் சில குறிப்புகள்

"வயசானா விழத்தான் செய்வாங்க." எங்கள் துறையூர் பக்கம் இதை அடிக்கடி கேட்கலாம். இதோடு ஒட்டிக்கொண்டு இன்னொன்றும் வரும்: "சும்மா ஒரு இடத்துல உக்காரு, நடந்து எங்கயாவது விழுந்து வைக்காதே." முதலாவது பாதி உண்மை. இரண்டாவது அக்கறையில் சொல்வதுதான், ஆனால் அதுவே விழுவதற்கு வழி செய்கிறது. எப்படி என்பதுதான் இந்தக் குறிப்பு.

நான் மருத்துவன் இல்லை. பி.இ. முடித்து இருபது வருடமாக மென்பொருள் எழுதுகிறவன். அம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது. எங்கள் தெருவில் ஒரே வருடத்தில் இரண்டு பேர் பாத்ரூமில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அதில் ஒருவர் மறுபடி எழுந்து நடக்கவே இல்லை. அதற்குப் பிறகுதான் இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன்.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, கீழே விழுவதால் உலகில் ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் இறக்கிறார்கள். விபத்துக் காயங்களால் ஏற்படும் மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். ஹெல்மெட் பற்றிப் பேசும் அளவுக்கு நாம் இதைப் பற்றிப் பேசுவதில்லை.

மூன்று சென்சார், ஒரு பிராசஸர்

நாம் நேராக நிற்பது மூளை ஓயாமல் செய்துகொண்டிருக்கும் ஒரு கணக்கு. அதற்கு மூன்று இடங்களிலிருந்து தகவல் வருகிறது. கண், சுற்றுப்புறம் எப்படி நகர்கிறது என்று சொல்கிறது. உள்காது, தலை எந்தப் பக்கம் சாய்கிறது, திரும்புகிறது என்று சொல்கிறது. பாதமும் மூட்டுகளும், தரை எப்படி இருக்கிறது, எடை எந்தக் காலில் இருக்கிறது என்று சொல்கின்றன. மூளை இவற்றை ஒப்பிட்டுப் பார்த்துக் கணுக்கால், இடுப்புத் தசைகளுக்குக் கட்டளை அனுப்புகிறது. அதுவும் போதாவிட்டால் சட்டென ஒரு அடி எடுத்து வைக்கச் சொல்கிறது.

ஒரு சென்சார் மங்கினால் மற்ற இரண்டும் தாங்கிக்கொள்ளும். அதனால்தான் பல வருடம் ஒன்றும் தெரிவதில்லை. சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்த ஒருவர் பகலில் நன்றாகவே நடப்பார், கண் ஈடு கட்டிவிடும். அவரே ராத்திரி கரண்ட் போன நேரத்தில் எழுந்தால், அல்லது முகத்தில் சோப்பு போட்டுக் கண்ணை மூடினால், இரண்டு சென்சார் ஒரே நேரத்தில் போய்விடுகிறது. பாத்ரூமில் விழுவதற்கு ஈரம் மட்டும் காரணமில்லை என்பது இதைப் படித்தபோதுதான் புரிந்தது.

வேகமும் முக்கியம். கால் இடறியதும் அடுத்த அடியை வைத்துத் தப்பிக்க ஒரு நொடிக்கும் குறைவான நேரமே இருக்கிறது. வயதாகும்போது முதலில் கரைவது அந்தச் சட்டென்ற இயக்கத்துக்கான வேகத் தசை நார்கள்தான்.

உட்கார வைத்தால் என்ன ஆகும்?

இந்த அமைப்பைச் சரியாக வைத்திருப்பது பயன்பாடு. ஒரு தலைமுறைக்கு முன்பு வரை அந்தப் பயிற்சி தானாகவே நடந்தது. தரையில் உட்கார்ந்து சாப்பிட்டு எழுவது, குத்துக்காலிட்டு வாசலில் கோலம் போடுவது, குடத்தை இடுப்பில் வைத்து நடப்பது, புரட்டாசி சனிக்கிழமை பெருமாள்மலைப் படி ஏறுவது எல்லாமே சமநிலைப் பயிற்சிதான். இன்று நாற்காலி, கமோடு, மலை மேலே வரைக்கும் கார். மூட்டு வலி உள்ளவர்களுக்கு இவை அவசியம், நான் குறை சொல்லவில்லை. போன பயிற்சிக்குப் பதிலாக நாம் எதையும் வைக்கவில்லை என்பதுதான் சிக்கல்.

ஒரு தடவை தடுமாறினால் பயம் வருகிறது. பயத்தில் நடமாட்டம் குறைகிறது, தொடைத் தசை மெலிகிறது, அடி சுருங்கித் தேய்த்து நடக்கிறார்கள். அடுத்த முறை நிலைப்படியிலேயே இடறுகிறது. "உக்காரு" என்று நாம் சொல்லும் ஒவ்வொரு தடவையும் இந்தச் சுழற்சிக்கு ஒரு தள்ளு கொடுக்கிறோம்.

எது வேலை செய்கிறது?

நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தார் 80 வயதும் அதற்கு மேலும் ஆன 233 பெண்களை வைத்துச் செய்த சோதனை 1997-ல் வெளியானது. ஒரு பாதிக்கு பிசியோதெரபிஸ்ட் முதல் இரண்டு மாதத்தில் நான்கு முறை வீட்டுக்குப் போய், கால் வலுவுக்கும் சமநிலைக்கும் பயிற்சி சொல்லிக் கொடுத்தார். மறு பாதிக்கு வழக்கமான கவனிப்பும், பேச்சுத்துணைக்கு அதே அளவு வருகையும். ஒரு வருட முடிவில் பயிற்சி செய்தவர்கள் விழுந்தது 88 முறை, செய்யாதவர்கள் 152 முறை. எண்பது வயதுக்கு மேலும் உடம்பு கற்றுக்கொள்கிறது என்பதுதான் எனக்கு இதில் பெரிய செய்தி.

2019-ல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு இதே போன்ற 108 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. சமநிலைப் பயிற்சி விழும் எண்ணிக்கையைச் சுமார் 24% குறைக்கிறது. அதோடு தசை வலுப் பயிற்சியும் சேர்ந்தால் சுமார் 34%. நடைப்பயிற்சி மட்டும் விழுவதைக் குறைக்கும் என்பதற்கு அதில் உறுதியான சான்று கிடைக்கவில்லை. நடை இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லது. ஆனால் "தினமும் வாக்கிங் போறேன், போதும்" என்று இந்த விஷயத்தில் இருந்துவிட முடியாது.

வீட்டில் அளந்து பார்க்க

பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டு செய்ய வேண்டும்.

1. எழுந்து நடக்கும் சோதனை: நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் வழக்கமான வேகத்தில் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். போனில் ஸ்டாப்வாட்ச் போதும். 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் வாய்ப்பு அதிகம் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

2. ஒரு பாதத்துக்கு நேர் முன்னால் மறு பாதம், குதிகாலும் விரலும் தொடும்படி, எதையும் பிடிக்காமல் நிற்பது. 10 வினாடி நிற்க முடியாவிட்டால் கவனிக்க வேண்டும்.

3. கூட நடந்துகொண்டே பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். பதில் சொல்ல நின்றுவிடுகிறார்களா? நடப்பதற்கே மூளையின் பெரும்பகுதி செலவாகிறது என்பதன் அடையாளம் அது.

பயிற்சி எப்படி இருக்கும்?

அம்மாவுக்கு துறையூரிலேயே ஒரு பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்தார். "ஏன் தம்பி, இந்த வயசுல எனக்கு டிரில்லா?" என்று கேட்டுக்கொண்டேதான் அம்மா ஆரம்பித்தார். சமையல் மேடை ஓரமாக நின்று செய்பவை இவை:

- கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது
- குதிகாலைத் தூக்கி விரலில் நிற்பது, பிறகு விரலைத் தூக்கிக் குதிகாலில் நிற்பது
- பக்கவாட்டில் நடப்பது, பின்னோக்கி நடப்பது
- கோட்டின் மேல் நடப்பது போல் அடிமேல் அடி வைப்பது
- ஒற்றைக் காலில் நிற்பது

வாரத்துக்கு மூன்று நாள், அரை மணி நேரம். அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "கைய கொஞ்சம் எடுங்கம்மா." மேடையை இறுக்கிப் பிடித்தால் வேலை கைக்குத்தான். கொஞ்சம் ஆட வேண்டும், ஆனால் விழக்கூடாது, அந்த எல்லையில்தான் மூளை கற்கிறது. முதலில் இரண்டு கை, பிறகு ஒரு கை, பிறகு ஒரு விரல், பிறகு பிடிக்காமல். ஒவ்வொருவருக்கும் அந்த எல்லை எங்கே என்று கண்டுபிடித்து, மெல்ல மெல்ல நகர்த்துவதுதான் பிசியோதெரபிஸ்டின் வேலை. வீடியோ பார்த்துச் செய்வதில் கிடைக்காதது அதுதான். ஏற்கெனவே விழுந்தவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், எலும்பு தேய்ந்தவர்கள் ஆள் இல்லாமல் தொடங்கவே கூடாது.

பயிற்சி மட்டும் போதாத இடங்கள்

எழுந்தவுடன் தலை சுற்றினால், படுத்த நிலையிலும் நின்ற பிறகும் பிபி அளக்கச் சொல்லுங்கள். மேல் எண் 20 அளவுக்கு இறங்கினால் மாத்திரைகளை மருத்துவர் மறுபார்வை செய்ய வேண்டும். தூக்க மாத்திரையையும் அவரிடம் சொல்லுங்கள், நாமாக எதையும் நிறுத்தக்கூடாது. படுக்கையில் புரளும்போது மட்டும் உலகமே சுற்றினால் அது உள்காதுப் பிரச்சினையாக இருக்கலாம், தலையைக் குறிப்பிட்ட விதத்தில் திருப்பும் சிகிச்சையிலேயே பலருக்குச் சரியாகிறது. கண்புரையைத் தள்ளிப்போடாதீர்கள். வீட்டில் தேய்ந்த ஹவாய் செருப்பு, நழுவும் கால்மிதி, இருட்டான பாத்ரூம் வழி, இந்த மூன்றையும் இன்றைக்கே மாற்றிவிடலாம்.

யாரிடம் போவது?

தமிழ்நாடு அரசின் மக்களைத் தேடி மருத்துவம், 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. வீட்டுக்கே பிபி, சர்க்கரை மாத்திரை வருவது எல்லோருக்கும் தெரியும். வீட்டுக்கு வந்து பிசியோதெரபி தருவதும் அதில் உண்டு என்பது பலருக்குத் தெரியவில்லை. வெளியே வர முடியாதவர்களுக்கான சேவை அது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

ஆனால் பெரும்பாலும் நாம் பிசியோதெரபிஸ்டைத் தேடுவது எலும்பு முறிந்து ஆபரேஷன் முடிந்த பிறகுதான். விழுவதற்கு முன்னால் நாலைந்து முறை பார்த்தால் ஆகும் செலவு, அந்த ஆபரேஷன் செலவுக்குப் பக்கத்தில்கூட வராது. வீட்டில் அறுபத்தைந்து தாண்டியவர்கள் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு நாற்காலி, ஒரு ஸ்டாப்வாட்ச் எடுத்துக்கொண்டு அந்த 3 மீட்டரை அளந்து பாருங்கள். 12 தாண்டினால் "உக்காருங்க" என்று சொல்லாதீர்கள். எழுந்து நிற்க ஆள் துணை ஏற்பாடு பண்ணுங்கள்.